மூடிய சாலை

காலை நாலரை. நெற்றியில் விளக்கு.
சரிவில் நெஞ்சளவு குழி வெட்டி
பனிச்சுவரைக் குத்திப் பார்க்கிறேன்.
மேலடுக்கில் முஷ்டி போகிறது,
அடுத்ததில் நான்கு விரல்,
அப்புறம் பென்சில்தான்.
எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சாண்
சர்க்கரையாய் உதிர்கிறது,
தன்னையே பிடித்துக்கொள்ளத் தெரியாத பனி.

மூடச் சொன்னேன்.

மூன்றாம் நாள் ரொட்டிக்கடை கஸ்ஸியான்
"மாவு தீர்ந்தது. எங்கே உன் பனிச்சரிவு, வால்புர்கா?" என்றான்.
விடுதியில் நாற்பது அறை காலி.
வானமோ கழுவிக் கவிழ்த்த தட்டுபோல் பளிச்சென்று.

மேலே எஃகு வேலிகள் ஏழு வரிசை,
கழுத்துவரை புதைந்து நிற்கின்றன.
ஓடைத் தலைப்பில் மட்டும் இல்லை:
எண்பத்தாறில் பணம் அங்கே தீர்ந்தது.
பனிக்கு அது தெரியும்.

வெள்ளம் வருமுன் அணை போடு, சரி.
போட்ட அணையை எப்போது எடுப்பது
என்று எந்தப் பழமொழியும் சொல்வதில்லை.

நான்காம் நாள் மதியம் மறுபடி குழி.
அதே சர்க்கரை.
கொஞ்சம் கெட்டிப்பட்டதுபோல் இருந்தது,
அல்லது எனக்கு அப்படி வேண்டியிருந்தது.
திறக்கச் சொன்னேன்.
முதலில் போனது மாவு லாரி.

இரவு பதினொன்றே காலுக்கு வந்தது,
ஓடை வழியாக,
சாலையைத் தாண்டி ஆற்றில் இறங்கியது.
சாலையில் யாரும் இல்லை.
டைரோல் அரசுப் படிவத்தில்
சேதம்: தடுப்புக் கம்பி, பன்னிரண்டு மீட்டர்.
மதியத்துக்கும் அதற்கும் நடுவே போன வண்டிகள்
நூற்றுப் பதினான்கு.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

விடிந்ததும் கஸ்ஸியான் என் கையைப் பற்றிக் குலுக்கினான்:
"சொன்னாயே, வந்தேவிட்டது!"
அவன் கை முழுக்க மாவு.
திறந்துவிட்டதும் நான்தான் என்று
அவன் சொல்லவில்லை.
நானும்.