சர்க்கரை இல்லாமல்

காவேரிப்பட்டணம் மாம்பழக்கூழ் ஆலையில்
எடைச்சீட்டு எழுதுகிறவள் நான்.
சீசனில் ஒரு நாளைக்கு நாற்பது லாரி.
பெங்களூரா, செந்தூரா, கொஞ்சம் அல்போன்சா,
டன் டன்னாக என் விரல் வழியாகத்தான்
உள்ளே போகும்.

ஒரு கப் காபி மட்டும் வெளியே வராது.

மெஷின் வந்த அன்று எல்லோரும் கைதட்டினோம்.
கறுப்புக் கிரானைட் மேடையில்
சாமி மாதிரி ஏற்றி வைத்தார்கள்.
தரையிலிருந்து பொத்தானுக்கு நாலரை அடி,
நிற்கிறவர்களின் நெஞ்சுக்கு நேராக.
சக்கர நாற்காலியிலிருந்து எக்கி நீட்டினால்
வடிதட்டின் விளிம்பு விரலில் படும்,
யாரோ சிந்திய பால் பிசுபிசுக்கும்.
அவ்வளவுதான் தரிசனம்.

"கேட்டா எடுத்துத் தரமாட்டோமா?"
மாட்டேன் என்று யாரும் சொன்னதில்லை.
அதுதான் சங்கடம்.
மாதப்பன் தருவார், ஷாகிரா தருவாள்,
ஆய்வகத்துப் புதுப்பையன்கூடத் தருவான்.
தருகிறவர்கள் எல்லோரும்
தங்கள் நாக்குக்குத் தருவார்கள்.
மூன்று வருஷமாக
இனிப்புக் காபி குடித்துக்கொண்டிருக்கிறேன்.
முதல் நாளே சொல்லியிருக்கலாம்.
தானமாக வந்த மாட்டை
எப்படிப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது?

(கழிப்பறை வாசலில் ஒரு படி இருக்கிறது.
அந்தக் கதை இன்னொரு நாளைக்கு.)

வைகாசியில், லாரி வரிசை பாலம் வரை நின்ற வாரம்,
பீப்பாய் வண்டி இடித்துக்
கிரானைட் இரண்டாக விண்டது.
மாதப்பன் மாங்காய் கிரேட் நாலைக் கவிழ்த்து,
இரண்டின் மேல் இரண்டு அடுக்கி,
மேலே ஒரு பலகை போட்டு
மெஷினை இறக்கி வைத்தார்.
"டெம்பரரி" என்றார் மேனேஜர்.

அன்று ராத்திரி ஷிப்ட்.
இரண்டு மணிக்கு லாரிகள் ஓய்ந்ததும்
நான் மட்டும் உருட்டிக்கொண்டு போனேன்.
கிரேட்டுக்கு அடியில் முட்டி நுழையாது,
பக்கவாட்டில் ஒட்டி நிறுத்தினேன்.
பொத்தான்கள் கண்ணுக்கு நேரே.
நாலாவது பொத்தானில் சின்ன எழுத்தில்
சர்க்கரை இல்லாமல்.
கீழேயிருந்து பார்க்கும்போதெல்லாம்
ட்யூப் லைட் பளபளப்பு அதை மறைத்திருக்கிறது.
இத்தனை வருஷமும்
அங்கேயேதான் இருந்திருக்கிறது.

அழுத்தினேன்.

மெஷின் முனகியது, இருமியது,
காபியை நேராக வடிதட்டில் கொட்டியது.
கப்பை நாம்தான் வைக்க வேண்டுமாம்.
கையில் கப்போடு பிறந்ததாகவே
இதுவரை என் காபி எனக்கு அறிமுகம்.

கப் அடுக்கோ ஜன்னலுக்கு மேலே,
பழைய இடத்தில், பழைய உயரத்தில்.
டிபன் டப்பா மூடியைக் கழற்றி ஏந்தினேன்.
மறுபடி அழுத்தினேன்.
மூடி சுட்டது. விரலை மாற்றி மாற்றிப் பிடித்தேன்.
தேங்காய்ச் சட்னி வாசனையோடு கசந்தது.
நன்றாகவே இல்லை.
முழுவதும் குடித்தேன்.
யாருக்கும் தேங்க்ஸ் சொல்லவில்லை.

சனிக்கிழமை புதுக் கிரானைட் வந்தது.
"குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சு" என்றார் மேனேஜர்.
உண்மைதான், பார்த்திருக்கிறேன்.
அவருக்குக் குனிய இடுப்பு இருக்கிறது.
எனக்கு வளர வழியில்லை.
இதை வாயால் சொல்லவில்லை.
சீட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

சரக்கு: காபி மெஷின், ஒன்று.
உயரம்: மூன்றரை அடி.
இறக்கும் இடம்: இருக்கும் இடம்.
கையெழுத்து. முத்திரை.

அதை மெஷின் நெற்றியில் ஒட்டினேன்.
என் சீட்டு இல்லாமல்
இந்த ஆலையில் ஒரு மாங்கொட்டை நகராது,
மாதப்பனுக்குத் தெரியும்.
படித்தார். பீடியைக் காதில் செருகினார்.
கிரானைட்டைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டுப்
பீப்பாய் உருட்டப் போய்விட்டார்.

ஆடி பிறந்துவிட்டது. கல் இன்னும் சாய்ந்துதான் நிற்கிறது.
கப்புகளும் இன்னும் ஜன்னலுக்கு மேலேதான்.
அதற்குத் தனிச் சீட்டு போட வேண்டும்.