குளச்சலில் ஒரு பார்சல்

லாங்சாவில்,
மூச்சு பாதிதான் கிடைக்கும் உயரத்தில்,
சாணி எரியும் அடுப்பருகே
அங்மோ ஒரு கல்லை என் கையில் வைத்தாள்.
உள்ளே சுருள் சுருளாய்ச் சிப்பி.
யாக் மேயும் சரிவில் பொறுக்கியதாம்.
காசு வாங்கவில்லை.
"உங்க ஊர்ல இது இன்னும் உயிரோட இருக்கா?"
போனில் கடலைக் காட்டப் போனேன்,
குளிரில் அது எப்போதோ அணைந்திருந்தது.

இப்போது குளச்சல் தபாலாபீஸ்.
அட்டைப்பெட்டியைத் தராசில் வைத்து
முகவரி வாசிக்கிறாள் மெர்லின் ஷீபா.
"ஸ்பிதியா? இது எங்க கெடக்கு?"
"மேல."
"உள்ள என்ன?"
"சங்கு."
"ஏன், அங்க கடல் இல்லியோ?"
"இருந்துது. எந்திச்சுப் போயிட்டு."

முத்திரைக் கட்டையை ஓங்கியவள்
பாதியில் நிறுத்தி
பெட்டியை மோந்து பார்க்கிறாள்.
"சதைய முழுக்க எடுத்தியளா?
போய்ச்சேர பத்து நாளாவும்.
நாறும் பாத்துக்கிடுங்க."