இரண்டே எழுத்து

ஓனி நகரப் பதிவு அலுவலகத்தில்
எழுத்தர் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாராம்:
"அவ்வளவுதானா பெயர்?"
"அவ்வளவுதான்" என்றாளாம் அம்மா.

இயா.
எங்கள் ஜார்ஜிய மொழியில் இரண்டே எழுத்து.
பின்னால் வரும் குடும்பப் பெயரோ
கோபெஜிஷ்விலி,
கூட்ஸ் வண்டி மாதிரி நீளும்.
முன்னால் ஒரு சின்ன விளக்கு, நான்.

இயா என்றால் ஊதாப்பூ.
மார்ச்சில், ரியோனி ஆற்றங்கரையில்
பனி முழுசாய் விலகும் முன்பே
போன வருஷத்துச் சருகுக்குள்
தலை குனிந்து நிற்கும்.
பார்த்து நடக்காவிட்டால் பூட்ஸுக்கடியில் போகும்.
அதன் வாசனை நாணயமில்லாதது:
ஒருமுறை முகர்ந்தால் இருக்கும்,
மறுமுறை இருக்காது.
தீர்ந்துவிட்டதென்று கீழே வைத்தால்
திரும்பி வந்து நிற்கும்.
என்னைப் பற்றி என் கணவன் சொல்லும் புகாரும்
ஏறக்குறைய இதுதான்.

ஏன் இந்தப் பெயர்?
"பெற்று முடித்தபோது தெம்பில்லை,
வாயில் அடங்கும்படி ஒன்று வேண்டியிருந்தது"
என்பாள் அம்மா.
ஆஸ்பத்திரி வாசலில் பூ விற்றவளிடம்
தன் சில்லறைக்கு அதுதான் கிடைத்தது
என்பார் அப்பா.
இருவரும் மற்றவரைப் பொய் என்பார்கள்.

இருபத்தாறு வருஷமாய் நான் நர்ஸ்.
மருந்துக்கடை நோதர் ஒரு மத்தியானம்
டிஞ்சர் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து
"இதற்குள் உன் பெயர் இருக்கிறது" என்றான்.
சூடேற்றினால் அயோடின்
ஊதாப் புகையாய் எழுமாம்.
அந்த நிறத்துக்காக
ஊதாப்பூவின் கிரேக்கச் சொல்லை
எடுத்து வைத்தார்களாம்.

அந்தச் சொல்லும் எங்கள் இயாவும் ஒரே வேரா?
கருங்கடல் தாண்டி வந்த கப்பல்காரர்கள்
இங்கே இறக்கிவிட்டுப் போனதா,
இங்கிருந்து ஏற்றிக்கொண்டு போனதா?
நோதருக்குத் தெரியாது.
"யார் யாருக்குக் கடனோ" என்றபடி
என் பாக்கிக் கணக்கைத் திறந்தான்.

அப்படியானால் இத்தனை காலமும்
ஊர்ப் பிள்ளைகளின் முட்டியில் எல்லாம்
என் பெயரைத்தான் தடவியிருக்கிறேன்.
பழுப்பாய். எரிய எரிய.

நேற்று தேமுரி வந்தான்,
சைக்கிளிலிருந்து விழுந்து.
பஞ்சை வைத்ததும் அலறினான்:
"இயா!"
கூப்பிட்டானா, திட்டினானா,
மருந்தின் பெயரைச் சரியாய்ச் சொன்னானா,
நான் கேட்கவில்லை.
குனிந்து ஊதினேன்,
காயும்வரை.