சேஃபாகோவின் வலது காது

செமொன்கொங் மருந்தகத்திலிருந்து
மலைக்கு அந்தப் பக்கம் ஏழு வீடுகள்.
சாலை கிடையாது. ஜீப் போகாது.
தட்டம்மை ஊசி போயாக வேண்டும்.

குதிரையை வாடகைக்கு விட்ட நியாகலோ
பணத்தை இரண்டு முறை எண்ணினாள்.
எனக்குச் சொல்ல ஒரு முறைதான் நேரமிருந்தது:
"வாரைக் கையில் சுற்றிக்கொள்ளாதே.
அது ஓடினால் உன் விரல்களும் கூடவே ஓடும்.
மிரண்டால் ஒரு பக்கம் மட்டும் இழு.
வட்டம் போடட்டும்."
பேர் என்ன என்றேன்.
"சேஃபாகோ." ஆலங்கட்டி மழை.
வேறு பேர் கொண்ட குதிரை இல்லையா என்று
வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

இதற்கு முன் நான் ஏறியது மூன்றே முறை,
மைதானத்தில்,
தூங்கிக்கொண்டே நடக்கும் கிழட்டுக் குதிரை மேல்.

முதல் ஓடை வரை மரியாதையாகத்தான் வந்தது.
சரிவில் இறங்கியதும்
கழுத்து விறைத்தது, வால் சாட்டையாய் அடித்தது.
பால் பொங்குவதற்கு முந்தின நொடிபோல்
முதுகு எனக்குக் கீழே எழும்பியது.

சொன்னபடி செய்தேன் என்று சொல்ல ஆசை.
இரண்டு வாரையும் இழுத்தேன்.
குதிகாலை விலாவில் ஊன்றினேன்.
போ, நில், இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறவளை
எந்த உயிர்தான் நம்பும்?
சேஃபாகோ பக்கவாட்டில் துள்ளியது.
வலப்புறம் பள்ளம். பள்ளத்தின் அடியில்
யாரோ வீசிய நீலத் தகரம்,
தபால்தலை அளவுக்கு.

அப்புறம்தான் இடது கைக்கு ஞாபகம் வந்தது.
வலதைத் தளர்த்தினேன்,
இடதை மெல்ல என் முழங்கால் பக்கம் கொண்டுவந்தேன்.
மேட்டுப் பக்கமாய்த் தலை திரும்பியது,
தலைக்குப் பின் உடம்பு.
ஒரு வட்டம்.
இன்னொன்று, கோணலாக.
மூன்றாவதில் நான் அடக்கி வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது,
அதன் மூச்சும், மூக்குநீரோடு, என் காலணி மேல்.
நின்றது.

நின்ற அந்தக் கணத்தில்
அங்கவடியிலிருந்து இரண்டு காலையும் உருவிக்கொண்டு
இறங்கிவிட்டேன்.
பார்க்க யாருமில்லை.
இருந்திருந்தாலும் இறங்கியிருப்பேன்.

எதிரே நிற்கவில்லை. பின்னால் போகவில்லை.
தோளோரம், ஒரு கை தூரத்தில்,
வார் உள்ளங்கையில் மடிந்து கிடக்க.
அதன் கண்ணில் வெள்ளை தெரிந்தது.
பேசு என்றது மனது. என்ன பேசுவது?
சட்டைப்பையிலிருந்த பட்டியலைப் படித்தேன்,
தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்தி:
முவெகெட்சியின் மகன், ஒன்பது மாதம், முதல் ஊசி.
இரட்டைப் பெண்கள், அட்டை தொலைந்துவிட்டது, விசாரிக்க.
மேல்வீட்டுப் பையன், போன தடவை ஒளிந்துகொண்டவன்.
ஒவ்வொரு பேருக்கும் தலை ஒரு விரல்கடை இறங்கியது.
வலது காது மட்டும்
பின்னால் எதையோ கேட்டபடியே இருந்தது.

நானும் கேட்டேன்.
காற்று. ஓடை.
குதிரை கால் மாற்றி வைக்கும்போதெல்லாம்
டொக்.

சேணத்துக்குப் பின்னால் குளிர்ப்பெட்டி.
நாலு ஐஸ் பைகள் இருக்க வேண்டிய இடத்தில்,
ஒன்று உறையவில்லை என்று,
மூன்றை மட்டும் வைத்து மூடியவள் நான்தான்.
சரிவில் அவை உருண்டு உருண்டு
அதன் முதுகெலும்பைத் தட்டிக்கொண்டே வந்திருக்கின்றன.
என் தலைக்குப் பின்னால் ஒருவன்
விடாமல் கதவைத் தட்டினால்
நானும்தான் துள்ளியிருப்பேன்.

முன்பக்கமாய் அகலச் சுற்றி வலது தோளுக்கு வந்து
வாரை அவிழ்த்து, பெட்டியை இறக்கி
முகர்ந்து பார்க்கக் கொடுத்தேன்.
முகர்ந்தது. மூடியைக் கடிக்கப் பார்த்தது.
என் கம்பளித் தொப்பியைக் கழற்றி
காலி இடத்தில் திணித்தேன்.
மலைக்காற்று உடனே என் காதுகளைக் கண்டுபிடித்தது.

மிச்சத் தூரம் நடத்தியே கூட்டிப்போனேன்.
"குதிரையை வைத்துக்கொண்டு நடந்தா வந்தாய்?"
முவெகெட்சி சிரித்தான்.
பாதி வழி, என்றேன்.

ஏழு வீட்டிலும் பிள்ளைகள் ஊசிக்கு அலறினார்கள்.
ஒளிகிறவன் இந்தமுறை தானியக் கூடைக்குள்.
வெளியே, வேலியோரம்,
புல்லிலிருந்து சேஃபாகோ தலையே தூக்கவில்லை.