ஒரு முழம்

லத்தேரியில் பஸ் மாறி நான் போய்ச் சேர்வதற்குள்
இரு தரப்பும் வந்து நின்றாயிற்று.
தரப்பு என்றால்
அந்தப் பக்கம் எத்திராஜ், அவர் மகன்,
மகனுக்குத் தெரிந்த ஒரு வக்கீல் குமாஸ்தா.
இந்தப் பக்கம் தனகோட்டி மட்டும்,
சேலைத் தலைப்பில் முடிந்த சாவிக்கொத்தோடு.

மனு எத்திராஜுடையது.
நடுக்கல்லைப் பிடுங்கித்
தன் நிலத்துக்குள் நட்டுவிட்டார்கள்,
அளந்து தரவும்,
கட்டணம் செலுத்திய ரசீது இணைப்பு.

வரப்பு நேராகத்தான் தெரிந்தது கண்ணுக்கு.
கண்ணை நம்புவதற்கா எனக்குச் சம்பளம்.

புலப்படத்தை விரித்துக்
காற்றில் பறக்காமல் செருப்பை வைத்தேன்.
தென்மேற்கு மூலை பூஜ்ஜியம்.
மேற்குக் கல் நான்கு மீட்டர் கிழக்கே,
மூன்று மீட்டர் வடக்கே.
கிழக்குக் கல் இருபத்துநான்கு, பதின்மூன்று.
இரண்டும் பழைய கருங்கல்,
அசைத்துப் பார்த்தால் கைதான் வலிக்கும்.

இருபது போனால் பத்து ஏறுகிறது.
சாய்வு, அரை.
நான்கில் பாதி இரண்டு, கல்லோ மூன்றில்,
ஆக ஒன்று கூட்டு.
கிழக்கே எவ்வளவோ அதில் பாதி, மேலே ஒன்று.
அவ்வளவுதான் இந்தக் கோடு,
ரசீதின் பின்புறத்தில் கால்வாசிகூட நிரம்பவில்லை.

பிளஸ் டூவில் இந்தக் கேள்விக்கு
எப்போதும் முழு மார்க் வாங்குவேன்.
யாருடைய நிலம் என்று
கேள்வித்தாளில் ஒருநாளும் போட்டதில்லை.

இரண்டு கற்களுக்குள் சண்டையே வராது.
எந்த இரண்டை எடுத்தாலும்
ஒரு கோட்டுக்கு ஒத்துக்கொள்ளும்.
மூன்றாவது கல்தான் வழக்கு.

அது கிழக்கே பதினான்கில்.
பாதி ஏழு, ஒன்று சேர்த்தால் எட்டு.
ஒன்பதில் இருந்தது.
டேப்பை மறுபடி பிடிக்கச் சொன்னேன்,
ஒன்பதேதான்.
வடக்கே நகர்ந்திருக்கிறது,
தனகோட்டியின் வேர்க்கடலைக்குள்.

"அப்போ இன்னா அர்த்தம்?" என்றார் எத்திராஜ்.
குமாஸ்தாவுக்கு அதற்குள் அர்த்தம் புரிந்து
போன் பேசுவதுபோல் நகர்ந்துவிட்டான்.

"உங்க போர் எங்க கீது, அத்தயும் அளங்க"
என்றாள் தனகோட்டி, முதல்முறையாக வாயைத் திறந்து.
அதே பதினான்கு. எட்டரை.
கோட்டுக்குச் செங்குத்தாகப் பார்த்தால்
அவள் நிலத்துக்குள் ஒரு முழம்,
மயிரிழை குறையலாம்.

ஆயிரத்து நூறு அடி.
மூன்று வட்டி வாங்கிப் போட்டது.
நேர் கீழே இறங்கும் கோட்டுக்குச் சாய்வு என்று
எழுத ஒன்றும் இல்லை.
அடியில் இருக்கும் தண்ணீருக்கோ
நான் கொண்டுவந்த டேப் எட்டாது.

மகன் மண்ணைப் பார்த்தான்.
எத்திராஜ் மனுவைக் கேட்டார், திருப்பி.
"அது ஆபீசுல கீதுங்க, நம்பர் போட்டாச்சு."

தனகோட்டி சாவிக்கொத்தை அவிழ்த்து
மறுபடி முடிந்தாள்.
"ஒருநாள் விட்டு ஒருநாள்
மோட்டாரு எனக்கு ஓடட்டும்.
கல்லு அங்கயே கெடக்கட்டும்."

இதற்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.
எட்டு என்று எழுதினேன்,
கையெழுத்து வாங்க இருவரிடமும் நீட்டினேன்.
எத்திராஜ் பேனாவை வாங்கி
வெகுநேரம் மூடியைத் திறக்கவில்லை.

யாரும் நிறுத்தாத மோட்டார்
எட்டரையில் நின்று
தெற்கே பாய்ச்சிக்கொண்டிருந்தது.