பதினாறு விழுக்காடு

பீங்கான் சூளையில் சுருங்கும்,
நூற்றுக்குப் பதினாறு.
இதைச் சொல்லிவிட்டுத்தான் தூர்டிஸ்
முதல் நாள் எனக்குக் காப்பி ஊற்றினாள்.
நான் வந்தது பெட்டி அடிக்க.
பெர்கன் கண்காட்சிக்கு நாற்பத்தோரு உருப்படி.
படகில் போக வேண்டும்,
ஒரு மீசை முறியக் கூடாது.

மீசை என்றால் உணர்கொம்பு.
நான் அப்படித்தான் சொல்வேன்.

மேசையில் ஒரு தும்பி கிடந்தது,
போன கோடையில் செத்தது.
தூரிகை நுனியில் களிக்குழம்பைத் தொட்டுத் தொட்டு
நரம்பு நரம்பாகப் பூசிக்கொண்டிருந்தாள்.
சுடும்போது தும்பி எரிந்துபோகுமாம்.
அது இருந்த இடம் மட்டும்
வெள்ளையாக வெளியே வருமாம்.
அப்படியானால் நான் எதைப் பொதிகிறேன் என்றேன்.
இடத்தை, என்றாள், சிரிக்காமல்.

வண்டுகள் சுலபம்.
குளவிக்கூடு, அறை அறையாக, பஞ்சு திணித்தால் போதும்.
அந்துப்பூச்சிகள்தான் என் தூக்கத்தைக் கெடுத்தன:
மூச்சு விட்டாலே ஓரம் உதிரும் சிறகு.
மூன்று நாள் வாயில் துணி கட்டிக்கொண்டு வேலை பார்த்தேன்.

பறவைகளை அவள் பூசுவதில்லை.
அளப்பாள்.

அக்டோபரில், மேகம் தாழ்ந்த இரவுகளில்,
தீவின் கலங்கரை விளக்கைச் சுற்றி
வடக்கிலிருந்து வரும் கூட்டம் சுழலும்.
பூச்சியை மட்டும் விட்டில் என்று சொல்கிறவர்கள்
அந்த இரவைப் பார்த்ததில்லை.
விடிந்ததும் ஐவின் வாளியோடு நடப்பான்.
காலில் வளையம் உண்டா என்று பார்த்து,
நோட்டில் குறித்து, தாளில் சுற்றி
அவள் வாசலில் வைத்துவிட்டுப் போவான்.
மணி அடிக்க மாட்டான்.

அதில் ஒன்று
ஐந்து கிராம். ஒன்றரைச் சர்க்கரைக் கட்டி.
உச்சியில் ஒரு மஞ்சள் கோடு.
இங்கே அதற்குப் பெயர் பறவையரசன்.
பெயர் வைத்தவர் எடை போட்டிருக்க மாட்டார்.

அலகு, கணுக்கால், விரிந்த சிறகு
எல்லாவற்றையும் அளந்து
சுருங்கப்போவதையும் கூட்டி எழுதினாள்.
உள்ளபடி வேண்டுமென்றால்
உள்ளதைவிடப் பெரிதாகச் செய்ய வேண்டும்.
அப்பாவின் அடக்கத்தில் நான் பேசியது
அப்போது நினைவுக்கு வந்தது.
கொஞ்சம் பெரிதாகத்தான் பேசியிருந்தேன்.
அவர் இன்னும் சுருங்கி முடியவில்லை.

பத்து நாள் ஆயிற்று.
நிற்கிற பறவை. குச்சியைப் பற்றிய விரல்கள்,
இதோ எவ்விவிடும் என்பதுபோல ஒரு முன்சாய்வு.
சூளைக்குள் வைத்தாள்.
ஆயிரத்து இருநூற்று எண்பது பாகை.
ஆற ஒன்றரை நாள்.

திறந்தபோது
கால்கள் இளகி மடிந்திருந்தன.
ஒருக்களித்துக் கிடந்தது,
ஒரு சிறகு உடம்புக்கு அடியில்,
கழுத்து இடப்பக்கம்.

காட் மீன் கொண்டுவந்த ஐவின்
கதவருகே நின்றான்.
இப்படித்தான் கிடந்தது, என்றான்.
தெற்குப் படிக்கட்டு, மூன்றாம் படி.
கழுத்துகூட இதேதான்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
அளவுகோலை எடுத்தாள்.
அலகு சரி. சிறகு சரி.
மயிரிழை பிசகவில்லை.
பிறகு என்னிடம்,
இதற்கும் ஒரு பெட்டி, என்றாள்.

நிற்கிற பறவைக்குத் தாங்கி வேண்டும்,
நான்கு பக்கமும் அணை வேண்டும்.
கிடக்கிற பறவைக்கு
உள்ளங்கை அளவு ஒரு குழி போதும்.
மூடி அறைந்து, நாற்பத்திரண்டு என்று எழுதி,
மேல்பக்கம் எது என்று அம்புக்குறி போடப் போனவன்
போடாமல் நின்றேன்.
கேட்கலாம் என்று திரும்பினால்
அவள் மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அதை மட்டும் மடியில் வைத்துப் படகேறினேன்.
மூன்று மணி நேரம். நல்ல அலை.
சீட்டுப் பார்க்க வந்தவர், என்ன அது, என்றார்.
பறவை, என்றேன்.
உயிருள்ளதா, என்றார்.
படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருக்கிறதாம்.