இரண்டாம் கியர் இல்லாத வண்டி

ஒன்றிலிருந்து நேராக மூன்றுக்குப் போகவேண்டும்.
இடையில் ஒரு மூச்சு, ஒரு கெட்ட வார்த்தை.
அந்த நேரத்தில் கெடிலம் பாலத்து ஏற்றத்தில்
வண்டி கொஞ்சம் யோசிக்கும்.

விடிகாலை நாலரை.
திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் பை ஏற்றும்போதே
குணவதி கேட்பாள்: "இன்னைக்கு எப்படி இருக்கான்?"
பானெட்டில் கை வைத்துப் பார்த்துத்தான் சொல்வேன்.
பின்கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.
பை கட்டுகிற சணலால் கட்டியிருக்கிறோம்,
அரக்கு வைக்காததுதான் பாக்கி.

சிப்காட் பக்கம் போனால் ஜன்னல் ஏறாது.
கம்பெனி நாற்றம் உள்ளே வந்து
வங்கி நோட்டீஸ், எல்ஐசி ரசீது, யாருக்கோ வந்த சிங்கப்பூர் பார்சல்
எல்லாவற்றின் மேலும் உட்கார்ந்துகொள்ளும்.

மழைக்காலத்தில் ஒரு வைப்பர்தான் ஓடும்.
அது என் பக்கம் இல்லை.
குணவதி பார்த்துச் சொல்வாள்:
மாடு. சைக்கிள். மாடு.

போன செவ்வாய் வந்த பையில்
இவனைக் கழித்துக்கட்டும் உத்தரவு இருந்தது.
பதிவுத் தபால்.
கிளார்க் முந்தின ராத்திரியே போனில் சொல்லிவிட்டார்.
நாங்கள்தான் ஏற்றினோம்.
முதுநகரில் உப்பனாற்றங்கரையில் நின்றுபோனபோது
நாங்கள்தான் தள்ளினோம்,
மீன் ஏலத்துக்குப் போன இரண்டு பேரும் கைகொடுத்தார்கள்.

மஞ்சக்குப்பம் சேர்ந்தபோது ஏழு இருபது.
தாமதம் நாற்பது நிமிஷம் என்று எழுதி,
காரணம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்தபடி
குணவதி என்னைப் பார்த்தாள்.

"மழைன்னு போடு" என்றேன்.

வெளியே நல்ல வெயில்.